கல்லாவின் நியாயம்

சாம்பாரில் உப்புக் கூடினால் முதல் பந்தியிலேயே தெரிந்துவிடும். தோசை கருகினால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். ஓர் உணவகத்தில் நடக்கும் பிழைகளில் கல்லாவில் நடப்பது மட்டும் நடந்த நேரத்தில் யாருக்கும் தெரிவதில்லை. மதியம் ஒன்றேகாலுக்கு இருநூறு ரூபாய்த் தாளை ஐந்நூறு என்று நினைத்து மீதி கொடுத்த கை, மறுநொடி அடுத்தவருடைய சீட்டை வாங்கப் போய்விடுகிறது. மீதியை வாங்கியவரும் எண்ணிப் பார்க்காமல் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, இரண்டு சோம்பை வாயில் போட்டபடி படியிறங்கிவிடுகிறார். இரவு பதினொரு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கி, மேசைகளின்மேல் நாற்காலிகளைக் கவிழ்த்துவிட்டுத் தாள்களை அடுக்கி எண்ணும்போதுதான் முந்நூறு ரூபாய் இடிக்கிறது. அந்த முந்நூறை யாரிடம் கேட்பது?

நம் ஊர் உணவகங்கள் பலவற்றில் இதற்கு நெடுங்காலமாக ஒரே பதில்தான்: கல்லாவில் உட்கார்ந்திருந்தவரிடம். மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டால் தீர்ந்தது. சிறிய, நடுத்தர உணவகங்களின் கணக்குகளோடு பழகிவந்தவன் என்ற முறையில் இந்தப் பதிலை நான் ஏற்பதில்லை. இது ஊழியருக்கு அநியாயம் என்பது ஒரு பக்கம். முதலாளிக்கே இது நட்டம் என்பது யாரும் பேசாத இன்னொரு பக்கம். கல்லாவில் குறையும் காசைப் பிழையாகப் பார்க்கத் தெரிந்த கடைக்குத்தான் அந்தக் குறையைத் தடுக்கவும் தெரிகிறது. திருட்டாக மட்டுமே பார்க்கும் கடைக்கு நாளடைவில் தன் கல்லாவில் என்ன நடக்கிறது என்பதே தெரியாமல் போய்விடுகிறது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கல்லாவுக்குப் பக்கத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். சப்ளையர் கிறுக்கிக் கொடுத்த சீட்டைக் கல்லாவில் இருப்பவர் படிக்க வேண்டும்; சீட்டே இல்லாத கடைகளில் “பின்னாடி மூணு பேரு, இருநூத்திப் பத்து” என்று உள்ளிருந்து வரும் குரலைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பார்சல் கேட்பவருக்கு டோக்கன் கிழிக்க வேண்டும். உணவைக் கொண்டுபோக வந்த டெலிவரி இளைஞன் ஆர்டர் எண்ணைச் சொல்லிக்கொண்டு நிற்பான். வாழையிலைக்காரர் பாக்கிக்கு வந்திருப்பார். மேசைக்குக் கீழே தொலைபேசி அடிக்கும். ஒரு குழந்தை கண்ணாடிப் புட்டியில் இருக்கும் கடலைமிட்டாயைக் கேட்டு அழும். இத்தனைக்கும் நடுவே ரொக்கமா, கார்டா, ஸ்கேனா என்று கேட்டு, தாளை வாங்கி, கழித்து, மீதியைச் சரியாக எடுத்துக் கொடுக்க வேண்டும். வரிசையில் நிற்பவர் அதற்குத் தரும் அவகாசம் சில நொடிகள். இந்த வேலையை ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை செய்யும் மனிதர் ஒருமுறைகூடத் தவறக் கூடாது என்று எதிர்பார்க்கிறோம். தவறினால் எடுத்துக்கொண்டார் என்கிறோம்.

இந்தச் சந்தேகத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. பணப்பதிவு இயந்திரம் பிறந்ததே அதில்தான். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் நகரில் மதுக்கடை வைத்திருந்தவர் ஜேம்ஸ் ரிட்டி. விற்ற காசில் ஒரு பங்கை ஊழியர்கள் பையில் போட்டுக்கொள்கிறார்கள் என்ற கவலை அவர் உடல்நலத்தையே கெடுத்தது. ஓய்வுக்காக 1878-இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். போகும் வழியில், கப்பலின் உந்துவிசிறி எத்தனை முறை சுழன்றது என்று எண்ணிக் காட்டும் கருவியை எந்திர அறையில் கண்டார். விசிறியின் சுற்றை எண்ண முடியுமானால் விற்பனையையும் எண்ணலாமே என்று தோன்றியது. ஊர் திரும்பி, சகோதரர் ஜானுடன் சேர்ந்து ஓர் இயந்திரம் செய்து, 1879 நவம்பர் 4 அன்று காப்புரிமை பெற்றார். யாராலும் கெடுக்க முடியாத காசாளர் என்ற பொருளில் அதற்குப் பெயரும் வைத்தார். கடிகார முகம் போன்ற வட்டில் இரண்டு முட்கள். ஒன்று டாலரையும் மற்றொன்று சென்ட்டையும் காட்டும். காசு போடும் இழுப்பறைகூட அந்தத் தொடக்கக்கால இயந்திரத்தில் கிடையாது. அதன் வேலை கண்காணிப்பது மட்டும்.

ரிட்டியால் அதை வைத்துப் பெரிதாகப் பிழைக்க முடியவில்லை. உரிமை கைமாறி, 1884-இல் ஜான் பேட்டர்சன் அந்தத் தொழிலை 6,500 டாலருக்கு வாங்கினார். அவர் வளர்த்த நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனம் உலகெங்கும் கடைகளில் மணியடிக்கும் பெட்டிகளை வைத்தது. 1906-இல் அதே நிறுவனத்தில் சார்லஸ் கெட்டரிங் அந்தப் பெட்டிக்கு மின்விசையைப் பொருத்தினார். இன்று நம் ஊர் டிபன் கடையின் தொடுதிரைவரை அந்த வம்சம் நீண்டிருக்கிறது.

இவ்வளவு வளர்ந்தும் இயந்திரத்தால் செய்ய முடிவது ஒன்றுதான். பெட்டியில் எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று அது சொல்லும். எவ்வளவு இருக்கிறது என்பதை மனிதக் கைதான் எண்ணிச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் இடையில் உள்ள வேறுபாடு எப்படி வந்தது என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கப் பொறுமையும் கொஞ்சம் கணக்கறிவும் எல்லாவற்றுக்கும் மேலாக நல்லெண்ணமும் வேண்டும். இயந்திரத்தை வாங்கிய நாம் அதோடு ரிட்டியின் சந்தேகத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டோம். இந்த நல்லெண்ணத்தை யாரும் நமக்கு விற்கவில்லை.

ஓர் உணவகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த, கூட்டம் குறையாத கடை. குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பது அங்கே எழுதப்படாத சட்டம். கல்லாவில் ஓர் இளைஞன். மாதக்கணக்காக அவனுடைய கணக்கில் ஒரு ரூபாய்கூட ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முதலாளிக்குப் பெருமை. ஒருநாள் சுத்தம் செய்யும்போது கல்லா மேசைக்கு அடியில் ஒரு காலி மிட்டாய் டப்பா அகப்பட்டது. உள்ளே சில்லறையும் சில தாள்களும். திருடன் என்று முடிவு கட்டி அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். பிறகுதான் டப்பாவின் அடியில் மடித்து வைத்திருந்த சிறு நோட்டை யாரோ பிரித்துப் பார்த்தார்கள். எந்தத் தேதியில் எவ்வளவு கூடியது, அதிலிருந்து எந்தத் தேதியின் குறைவுக்கு எவ்வளவு எடுத்தான் என்று வரிவரியாக எழுதியிருந்தான். அந்தக் காசு அவன் வீட்டுக்குப் போகவே இல்லை. கூடிய நாளில் எடுத்து வைத்து, குறைந்த நாளில் ஈடுகட்டியிருக்கிறான். மேசைக்கு மேலே இருந்த கணக்கு பொய்; மேசைக்கு அடியில் இருந்ததே மெய்யான கணக்கு.

அவனை அந்த டப்பாவுக்குத் தள்ளியது எது என்று அந்தக் கடையில் யாரும் கேட்கவில்லை. குறைந்தால் சம்பளம் போகும். கூடினால் முதலாளி எடுத்துக்கொள்வார். இப்படி ஒருபக்கமே சாயும் ஏற்பாட்டில் உட்காரும் எவருக்கும் இரண்டையும் தானே சரிக்கட்டிக்கொள்ளத் தோன்றும். அதன் விளைவைப் பாருங்கள். எந்த வேளையில் பிழை அதிகம், எந்தத் தாள் குழப்புகிறது, எந்த சப்ளையரின் சீட்டு புரியவில்லை என்பதெல்லாம் அந்த டப்பாவுக்குள் போய் ஒளிந்துகொள்கின்றன. கையில் ரொக்கம் புழங்கும் கடையில் ஆண்டு முழுவதும் கல்லா ரூபாய் பிசகாமல் சரியாக இருந்தால், அது மகிழ வேண்டிய செய்தி ஆகாது; விசாரிக்க வேண்டிய செய்தி. எண்ணும் கை மனிதக் கையாக இருக்கும்வரை பத்து ரூபாய் ஏறுவதும் இருபது ரூபாய் இறங்குவதுமே இயல்பு.

சட்டமும் நாம் பழகிய வழக்கத்தின் பக்கம் இல்லை. 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம், ஊழியர் கணக்குக் காட்ட வேண்டிய பணத்தில் குறைவு ஏற்பட்டால் பிடித்தம் செய்யலாம் என்று அனுமதித்தது உண்மை. கூடவே வரம்புகளையும் வைத்தது. அந்தக் குறைவு அவருடைய கவனக்குறைவாலோ தவறாலோ நேரடியாக வந்ததாக இருக்க வேண்டும். பிடித்தம் இழப்பின் அளவைத் தாண்டக் கூடாது. பிடிப்பதற்கு முன்னால், ஏன் பிடிக்கக் கூடாது என்று காரணம் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். பிடித்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் இதே வரம்புகளைச் சொல்கிறது. இரவு பதினொரு மணிக்கு, “முந்நூறு இடிக்குது தம்பி, சம்பளத்துல பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போகும் முதலாளி இவற்றில் ஒன்றையும் செய்வதில்லை. அந்த மேசையில் அன்று எத்தனை கைகள் புழங்கின என்றுகூடக் கேட்பதில்லை.

அந்தக் கைகளில் முதல் கை பெரும்பாலும் முதலாளியுடையது. இதைச் சொல்லாமல் கல்லாவைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. வீட்டுக்குக் காய்கறி வாங்க ஐந்நூறு. கோயில் நன்கொடைக்கு வந்தவர்களுக்கு இருநூறு. பால்காரருக்கு, கேஸ் சிலிண்டர் இறக்கியவருக்கு, ஆட்டோவுக்கு, மாஸ்டர் கேட்ட முன்பணத்துக்கு என்று நாள் முழுக்கப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டே இருப்பார்கள். “எழுதிக்கோ தம்பி” என்று சொல்லும் நேரத்தில் தம்பி யாருக்கோ மீதி எண்ணிக்கொண்டிருப்பார். அவர் எழுத மறந்தால் இரவில் குறை அவர் தலையில். பெட்டியிலிருந்து ஒரு ரூபாய் வெளியே போனாலும் அந்த இடத்தில் கையெழுத்திட்ட ஒரு துண்டுச்சீட்டு உள்ளே விழ வேண்டும். இந்த விதி முதலாளியிடமிருந்து தொடங்காத கடையில் வேறு எந்த விதியும் நிற்காது.

பிழைகள் தம் அடையாளத்தை விட்டுவிட்டுத்தான் போகின்றன. குறையும் தொகையை உற்றுப் பார்த்தால் அது எப்படிக் குறைந்தது என்பதைப் பல நேரங்களில் அதுவே சொல்லும். பழைய கணக்கப்பிள்ளைகள் இதில் தேர்ந்தவர்கள். வேறுபாடு ஒன்பதால் மிச்சமில்லாமல் வகுபட்டால், இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்பது அவர்கள் முதலில் பார்ப்பது. 92 என்பதை 29 என்று எழுதினால் 63 இடிக்கும்; 720 என்பதை 270 என்று அழுத்தினால் 450 இடிக்கும். இரண்டும் ஒன்பதின் மடங்கு. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வேறுபாடு எப்போதும் ஒன்பதின் மடங்காகவே இருக்கும். அது எண்களின் இயல்பு. ஒரு பூஜ்யம் விட்டுப்போனாலும் அப்படித்தான். 350-க்குப் பதில் 35 என்று பதிந்தால் 315 குறையும். அதுவும் ஒன்பதால் வகுபடும்.

அடுத்தது, பாதியைப் பார்ப்பது. 240 ரூபாய் குறைந்தால், அன்று 120 ரூபாய்க்கு ஏதாவது செலவு இருக்கிறதா என்று தேட வேண்டும். செலவில் எழுத வேண்டியதை வரவில் எழுதிவிட்டால் குறை இரட்டிப்பாகத் தெரியும். குறைவும் ஒரு பில் தொகையும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போனால், பில் போட்டும் காசு வராமல் போயிருக்கலாம். அல்லது ரத்தான பில்லை யாரும் கணினியில் ரத்து செய்யாமல் விட்டிருக்கலாம். ரொக்கத்தில் 180 குறைந்து யுபிஐ கணக்கில் அதே 180 கூடியிருந்தால் கவலையே வேண்டாம். ஸ்கேன் செய்தவருக்கு ரொக்கம் என்று பதிந்திருக்கிறார்கள்; பணம் கடையைவிட்டு எங்கும் போகவில்லை.

இன்னொரு வகைக் குறை தாள்களிலிருந்து வருவது. முந்நூறு என்றால் ஐந்நூறும் இருநூறும் மாறியிருக்கும். நானூறு என்றால் ஐந்நூறும் நூறும். நூற்றெண்பது என்றால் இருநூறும் இருபதும். 2016 முதல் வந்த புதிய வரிசைத் தாள்களில் ஐந்நூறின் நீளம் 150 மில்லிமீட்டர், இருநூறு 146, நூறு 142. நான்கு மில்லிமீட்டர் வேறுபாட்டை அவசரத்தில் எந்த விரலும் உணராது. இருநூறு பளிச்சென்ற மஞ்சள். இருபது பச்சை கலந்த மஞ்சள். நாலாக மடித்து, வியர்வையில் நனைந்து, மாலை வெளிச்சத்தில் நீட்டப்படும் தாளைக் கண் பார்த்ததும் கை வாங்கிவிடுகிறது. ஆகவே மடித்த தாளை விரித்துப் பார்க்காமல் பெட்டியில் போடக் கூடாது என்பதைக் கல்லாவின் முதல் பாடமாகக் கற்றுத்தர வேண்டும்.

சில்லறைப் பைசாக்களும் வேலை காட்டும். உணவகச் சாப்பாட்டுக்கு உள்ளீட்டு வரிச் சலுகை இல்லாத 5 சதவீத ஜிஎஸ்டி 2017 நவம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐம்பது ரூபாய்ப் பண்டத்துக்கு வரி 2.50. அந்த ஐம்பது பைசாவைக் கையில் வாங்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது; முழு ரூபாயாக்கித்தான் வாங்குவார்கள். அப்படி ஆக்கியதை பில்லில் தனி வரியாகக் காட்டாவிட்டால், அத்தகைய நூறு பில்லில் கல்லாவில் ஐம்பது ரூபாய் தானாக ஏறி நிற்கும். அதை யாரும் எடுக்கவும் இல்லை, யாரும் உழைத்துச் சம்பாதிக்கவும் இல்லை. சில்லறை இல்லை என்று கொடுக்கும் மிட்டாயும் அப்படியே. மிட்டாய் புட்டி கல்லாக் காசில் வாங்கியதென்றால் அதற்கும் வரவுசெலவு வேண்டும். பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற வதந்தி நம் ஊர்களில் பரவி, அது செல்லும் என்று 2018-இல் ரிசர்வ் வங்கி அறிவிக்க வேண்டிவந்தது. அறிவிப்புக்குப் பிறகும் பலர் வாங்கத் தயங்கினார்கள். யாரும் வாங்காத நாணயங்களைச் சுமந்துகொண்டு சில்லறைக்கு அலைவதும் கல்லாவில் இருப்பவரின் பாடுதான்.

தடுக்கும் வழிகள் எளியவை, பெரும்பாலும் செலவில்லாதவை. காலையில் பெட்டியை ஒப்படைக்கும்போது தொடக்க இருப்பைக் கொடுப்பவரும் வாங்குபவரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட வேண்டும். ஒரு பெட்டிக்கு ஒரு வேளையில் ஒருவர்தான் பொறுப்பு. அவர் சாப்பிடப் போனாலும் எண்ணிக் கைமாற்றிவிட்டுத்தான் போக வேண்டும். வாங்கிய தாளை உடனே பெட்டியில் போடாமல் மேசைமீது கண்ணில் படும்படி வைத்து, “ஐந்நூறு கொடுத்திருக்கீங்க” என்று வாய்விட்டுச் சொல்லி, மீதியைக் கொடுத்து முடித்த பிறகே உள்ளே தள்ள வேண்டும். இந்த ஒரே பழக்கம் பாதித் தகராறுகளை இல்லாமல் செய்துவிடும்.

மீதி எண்ணுவதில் பழைய மளிகைக்கடைக்காரர்களிடம் ஒரு நல்ல முறை இருந்தது. அவர்கள் கழிக்க மாட்டார்கள், கூட்டிக்கொண்டே போவார்கள். பில் 235, கொடுத்தது 500 என்றால், ஐந்தை வைத்து இருநூற்று நாற்பது, பத்தை வைத்து இருநூற்றைம்பது, ஐம்பதை வைத்து முந்நூறு, இருநூறை வைத்து ஐந்நூறு. வாங்குபவரும் கூடவே எண்ணிவிடுகிறார். இரண்டு பேர் எண்ணிய கணக்கு அது. கால்குலேட்டர் வந்தபின் இந்த முறை மறைந்துவருவது கல்லாவுக்கு நட்டம்.

இரவில் ஒரே தடவையாக எண்ணாமல், காலை டிபன் முடிந்ததும் ஒருமுறை, மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒருமுறை எண்ணி, பெரிய தாள்களை உள்ளே ஒப்படைத்துவிட வேண்டும். குறை வந்தால் நாள் முழுவதையும் புரட்ட வேண்டியதில்லை. அந்த வேளையின் சீட்டுகளைப் பார்த்தால் போதும். எண்ணும்போது, கணினி சொல்லும் தொகையை முதலில் பார்க்கக் கூடாது. 18,640 இருக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் கையும் 18,640 வரும்வரை எண்ணிக்கொண்டே இருக்கும். முதலில் எண்ணி, தாள்வாரியாக எழுதிக் கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு கணினியைத் திறக்கும் கடையில்தான் உண்மையான இருப்பு தெரியும். ரத்து செய்த பில்லைக் கிழித்துப் போடாமல், காரணம் எழுதி, சப்ளையரும் மேற்பார்வையாளரும் ஒப்பமிட்டு அன்றைய கட்டில் சேர்க்க வேண்டும்.

யுபிஐ 2016-இல் வந்தபோது கல்லாவின் கவலை தீர்ந்தது என்று நினைத்தோம். கவலை இடம் மாறியது. சுவரில் ஒட்டிய அட்டையை ஸ்கேன் செய்கிறவர் தொகையைத் தானே அழுத்துகிறார். 650 என்பது 65 ஆகிவிடலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் செலுத்தினால், பணம் வந்ததை அறிவிக்கும் குரல்பெட்டி இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லும். எது யாருடையது என்று தெரியாது. பணம் போகாமலே போனதுபோலக் காட்டும் போலித் திரைகளும் வந்துவிட்டன. முதலாளியின் சொந்தக் கைபேசி எண்ணில் அட்டையை வைத்துவிட்டு, அந்தக் கைபேசியோடு அவர் வெளியூர் போய்விடும் கடைகளும் உண்டு. பணம் வந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழியில்லாமல் கல்லாவில் இருப்பவர் முகத்தைப் பார்த்து நம்ப வேண்டியிருக்கிறது. பிறகு வராத பணத்துக்கும் அவரே பொறுப்பு. பில் தொகையை உள்ளடக்கியே திரையில் வரும் குறியீடும், வரவைப் பார்க்கும் வசதி கல்லாவிலேயே இருப்பதும் இன்றைக்கு அடிப்படைத் தேவைகள். பிணக்கு வந்தால் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் உள்ள 12 இலக்க எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இருமுறை செலுத்திவிட்டேன் என்பவருக்கு ரொக்கத்தை எடுத்து நீட்டாமல், இரண்டும் கணக்கில் ஏறியிருப்பதைப் பார்த்து, பணம் வந்த கணக்குக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

எல்லாம் செய்தும் ஒருநாள் ஒருவர் திரும்பி வருவார். “அண்ணே, நான் ஐந்நூறு கொடுத்தேன், நீங்க இருநூறுக்குத்தான் மீதி கொடுத்திருக்கீங்க.” பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் ஒரு கடையின் குணம் தெரிந்துவிடும். குரலை உயர்த்துவது எளிது. “கொஞ்சம் உக்காருங்க சார், பெட்டிய எண்ணிப் பாத்துடுறேன்” என்று சொல்வதற்குப் பயிற்சி வேண்டும். எண்ணிப் பார்க்க முதலாளி அனுமதி தந்திருக்கவும் வேண்டும். அந்த வேளையின் இருப்பை எண்ணி முந்நூறு கூடுதலாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுக் கொடுத்துவிடலாம். கூட்டத்தில் எண்ண முடியாவிட்டால் பெயரையும் எண்ணையும் வாங்கிக்கொண்டு, மதியம் எண்ணியதும் அழைத்துச் சொல்லலாம். சொன்னபடி அழைக்கவும் வேண்டும். கல்லாவுக்கு மேலே கண்காணிப்புப் படக்கருவி இருந்தால் அதைப் பார்த்தும் முடிவு செய்யலாம். அந்தக் கருவி ஊழியரின் பேச்சு உண்மை என்று காட்டவும் பயன்படும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கூடுதலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெட்டியில் காசு ஏறி நின்றால் மகிழும் முதலாளிகள் இருக்கிறார்கள். குறைவைவிடக் கூடுதலுக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். யாரோ ஒருவர் மீதியை வாங்காமல் போயிருக்கிறார், அல்லது குறைவாக வாங்கிப் போயிருக்கிறார், அல்லது ஒரு பில் கணக்கில் ஏறவே இல்லை. மூன்றில் எதுவாக இருந்தாலும் அது கடையின் பணம் என்று உடனே சொல்லிவிட முடியாது. தனி உறையில் தேதியிட்டு வைத்து, கேட்டு வருபவருக்குக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. அந்தக் கடைகளில் ஊழியர்களும் டப்பா வைப்பதில்லை.

கல்லாப் பயிற்சி நமக்குப் புதிதல்ல. நகரத்தார் என்னும் செட்டிநாட்டு வணிகர்கள் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கடை நடத்திய காலத்தில், தொழில் பழக வரும் சிறுவனைப் பெட்டியடிப் பையன் என்றார்கள். பணப்பெட்டிக்கு அருகில் இருந்து, காசு வருவதையும் போவதையும் பார்த்து, எடுபிடி வேலை செய்து, கணக்கெழுதக் கற்று, பிறகு அடுத்தாள் என்னும் உதவியாளனாகி, தேறினால் கடையை நடத்தும் முகவராகவும் ஆவான். ஐந்தொகை என்னும் இருப்புக் கணக்கை எடுக்கத் தெரிந்தவன் எந்த ஊருக்கும் போகலாம். கடல் தாண்டிய அவ்வளவு பெரிய தொழில் நம்பிக்கையில் நடந்தது என்று சொல்வார்கள். அந்த நம்பிக்கைக்கு அடியில் ஆண்டுக்கணக்கான பயிற்சி இருந்தது. ஒவ்வொரு நாளும் எழுதிப் பார்த்த கணக்கு இருந்தது. இன்று நாம் வேலைக்குச் சேர்ந்த மறுநாளே ஒருவரைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு, அவர் தவறியதும் நம்பிக்கை போய்விட்டது என்கிறோம். கற்றுக்கொடுக்காத இடத்தில் நம்பிக்கையைப் பற்றிப் பேச நமக்கு உரிமை கிடையாது.

திருட்டே நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. நடக்கிறது. அதைப் பிடிப்பதற்கும் இதே ஏற்பாடுகள்தான் வேண்டும். சீட்டும் கையெழுத்தும் வேளைதோறும் எண்ணுவதும் இருக்கும் கடையில் பிழை இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறி வரும்; சில நாள் ஏறும், சில நாள் இறங்கும். திருட்டு அப்படி வராது. அது எப்போதும் இறங்குமுகமாகவோ, ஒரே ஆளின் வேளையில் ரத்து பில்களாகவோ திரும்பத் திரும்ப வரும். எல்லாக் குறைவையும் சம்பளத்தில் பிடித்து அழித்துவிடும் கடையில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியே கிடையாது. அங்கே நேர்மையானவர் பயந்து வேலையை விட்டுப் போவார். திருடத் தெரிந்தவர் கணக்கைச் சரியாகக் காட்டிக்கொண்டு தங்கிவிடுவார்.

உணவகம் நடத்துபவர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் பேரேட்டில் கல்லாக் கூடுதல், குறைவு என்று ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள். வந்ததை வந்தபடி எழுதச் சொல்லுங்கள். எழுதியதற்காக யாரையும் தண்டிக்காதீர்கள். மாத முடிவில் அந்தப் பக்கத்தை ஊழியரோடு உட்கார்ந்து படியுங்கள். எந்த வேளைக்கு இன்னொரு ஆள் வேண்டும், எந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டும் என்று அது சொல்லும். சாப்பிடப் போகும் நம் எல்லோருக்கும் ஒரு வார்த்தை: மீதியை அங்கேயே நின்று எண்ணுங்கள். குறைந்தால் மெதுவாகச் சொல்லுங்கள். கூடுதலாக வந்திருந்தால் படியேறித் திரும்பிப் போய்க் கொடுத்துவிடுங்கள். அந்தப் பணம் பெரும்பாலும் முதலாளியின் லாபத்திலிருந்து போவதில்லை, கல்லாவில் உட்கார்ந்திருப்பவரின் சம்பளத்திலிருந்து போகிறது.